புது மிஷினில் நீ அடித்த முதல் பெரிய பேனர்

நீ பக்கத்து அறையில்தான் இருக்கிறாய். எட்டிக் கூப்பிட்டால் கேட்கிற தூரம். ஆனால் காதுக்குள் அந்த இரண்டு கறுப்பு உருண்டைகளைச் செருகிக்கொண்டு நாள் முழுக்கத் தலையாட்டுகிறவனிடம் வாய் வலிக்கப் பேச எனக்குப் பொறுமை இல்லை. அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் கடையில் கட்டிங் டேபிள் மேலேயே வைத்துவிடப் போகிறேன். உன் நைனா படித்தாலும் சரி, பேனர் வாங்க வருகிறவன் படித்தாலும் சரி. ஊரே பார்க்கிற மாதிரி பெரிதாகப் போடுவதுதானே நம் தொழில்.

நாளை மறுநாள் லாரி வருகிறது, மிஷினை ஏற்றிக்கொண்டு திண்டிவனத்துக்குப் போகிறாய், அங்கே கடை பிடித்தாயிற்று. இதை நீ என்னிடம் சொல்லவில்லை. நைனாவிடம் சொன்னாய், அவர் ஏதோ நல்ல சேதி கொண்டு வருகிறவர் போல வேட்டியை உதறிக்கொண்டு வந்து என்னிடம் சொன்னார். "இந்த ஊர்ல இன்னா இருக்குது, வளரணும்னா வெளிய போய்த்தான் ஆவணும்னு சொல்றான்" என்றார். எடுத்துக்கொண்டு போ. தடுக்க மாட்டேன். நீ பார்த்துப் பார்த்து வாங்கினது, உன் பெயரில் இருப்பது. நாங்கள் ஜெராக்ஸும் கல்யாணப் பத்திரிகையும் அடித்துப் பிழைத்துக்கொள்வோம், அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம், படவும் மாட்டாய். ஆனால் வளர்ச்சி என்ற பேச்சை மட்டும் என் காதில் போடாதே. நீ எதற்காக ஓடுகிறாய் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மாவுக்குப் புது மிஷின் பிடிக்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவாய். பழைய மிஷின் மேல் எனக்கு ஒரு பாசமும் கிடையாது. பத்தடி அகலத்துக்கு வீட்டுக்குள் படுத்துக்கிடந்த சனியன் அது. அதன் இங்க் வாடை என் புடவையில், சோற்றில், தலைகாணியில் ஏறி, யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் எனக்கு முன்னால் அந்த வாடை உள்ளே போகும். மாசத்துக்கு ஒரு தடவை இங்க் பீய்ச்சுகிற ஹெட் அடைத்துக்கொள்ளும். மணமகன் கன்னத்தில் குறுக்கே கோடு கோடாக விழும். ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளை முகம் பச்சையாக வந்து, பெண் வீட்டார் மண்டபத்து வாசலிலிருந்து போன் போட்டுத் திட்டினார்கள். அதைத் தூக்கிப் போடலாம் என்று முதலில் சொன்னதே நான்தான். பழைய இரும்புக்காரன் வந்து அதைப் பிரித்து ஏற்றிக்கொண்டு போனபோது நான் கடை வாசலில் நின்று கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தேன். நீதான், அத்தனை வருஷம் அதைக் காலால் உதைத்தவன், சோகப் பாட்டு ஒன்றைப் பின்னால் ஓடவிட்டு, 'போய் வா நண்பா' என்று போனில் வீடியோ போட்டாய். அதற்கு வந்த இதயங்களை எண்ணிக்கொண்டு அன்றைக்குச் சாப்பிடக்கூட மறந்தாய். சரியாக வேலை செய்யாத ஒரு இரும்புக்கு நீ காட்டிய துக்கத்தில் கால் பங்கு பிறகு ஒரு மனுஷிக்குக் காட்டியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது.

புது மிஷின் வந்த நாளை நினைத்தாலே எனக்குச் சிரிப்புதான். அதற்கென்று தனி ரூம், கண்ணாடிக் கதவு, ஏசி. உன் நைனாவுக்கு மூச்சிரைப்பு வந்த வருஷம்கூட இந்த வீட்டுக்கு ஏசி வரவில்லை. நைனாவின் கூட்டாளிகள் எல்லாம் வந்து, இருந்த இடத்தை விட்டு நகராத மிஷினின் அடியில் இருக்கிற குட்டிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கம்பெனியிலிருந்து வந்த அந்தக் கழுத்துப்பட்டைக்காரப் பையன் முதல் பிரிண்ட்டாக ஒரு பஞ்சவர்ணக் கிளியை எடுத்துக் காட்டினான். "பாருங்கம்மா, இறகுல ஒவ்வொரு நரம்பும் தெரியுது பாருங்க. இனிமே புருவத்துல முடிய எண்ணலாம்" என்றான். செஞ்சியில் எவன் புருவத்தை எவன் எண்ணப் போகிறான் என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ மட்டும் சிரிக்கவில்லை. கிளியைப் பார்த்துக்கொண்டே நின்றாய், ஏதோ நீயே முட்டையிட்டுப் பொரித்த மாதிரி. போகட்டும், மிஷின் நல்ல மிஷின். சத்தம் இல்லை, வாடை இல்லை, கோடு இல்லை. அதை நான் குறை சொல்லவே மாட்டேன்.

அடுத்த வாரம் நான் திண்டிவனத்தில் என் தங்கை வீட்டுக் காதுகுத்துக்குப் போனேன். ஒரு ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் காலை பஸ்ஸில் திரும்பி வந்தேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். பஸ் கூட்டு ரோட்டுக்கு வந்து வேகம் குறைந்தபோது, ராஜகிரி மலையைப் பாதி மறைத்துக்கொண்டு ஒரு பேனர். கறுப்பு ஓரம். மேலே 'கண்ணீர் அஞ்சலி'. நடுவில் ஒரு பெண்ணின் முகம், சிரித்தபடி. அது இலக்கியா. வல்லத்தில் வேர்க்கடலை வாங்கி விற்கிற மல்லாட்டை மண்டிக்காரரின் மகள். காலேஜில் படிக்கும்போது விழா பேனர் வாங்க நம் கடைக்கு வந்து, கூட வந்த பெண்கள் எல்லாம் போனை நோண்டிக்கொண்டு நிற்க, அவள் மட்டும் கீழே உட்கார்ந்து எனக்கு ஓரம் மடித்துப் பிடித்துக் கொடுத்தாள். நான் கயிறு கோர்க்கிற ஐலெட் வளையத்தை அடிக்க அடிக்க, "ஆன்ட்டி, விரல்ல அடிச்சிக்கப் போறீங்க, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண் செத்துவிட்டாள். பேனரில் பிறந்த தேதி இருந்தது, இறந்த தேதியும் இருந்தது. பஸ்ஸிலேயே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நிறுத்தச் சொல்லி அங்கேயே இறங்கிவிட்டேன்.

பூக்கடைக்காரியிடம் போய், "இன்னாக்கா ஆச்சு அந்தப் பொண்ணுக்கு? ஆக்சிடென்ட்டா?" என்று கேட்டேன். அவள் பூத் தொடுக்கிற கையை நிறுத்தவே இல்லை. "செத்துலாம் போவல. கல்யாணம் பண்ணிக்கிச்சி" என்றாள். எனக்கு விளங்கவில்லை. "அந்தக் காலனித் தெருப் பையன கட்டிக்கிச்சாம்மா. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல. அப்பங்காரன் தலமுழுவிட்டு பேனர் வச்சிக்கிறான்." இறந்த தேதி என்று போட்டிருந்தது அவள் தாலி கட்டிக்கொண்ட தேதி. நான் மறுபடியும் பேனரைப் பார்த்தேன். புருவத்து முடி எண்ணலாம் போலத்தான் இருந்தது. பல்லின் ஓரத்தில் இருந்த சின்ன உடைவுகூடத் தெரிந்தது. கீழே வலது மூலையில் சின்ன எழுத்தில் நம் கடை பேர், நம் போன் நம்பர்.

அங்கிருந்து கடைக்கு எப்படி நடந்து வந்தேன் என்று எனக்கு நினைவில்லை. வந்ததும் நீ சொன்ன முதல் வார்த்தை நன்றாக நினைவிருக்கிறது. "வரும்போது பாத்தியாம்மா? குவாலிட்டி எப்படி?" என்றாய். நீ விளையாடவில்லை, உண்மையாகவே கேட்டாய். அந்த முகத்தில் ஒரு பெருமை வேறு.

"அந்தப் பொண்ணு உயிரோட இருக்குதாடா?" என்றேன்.

"இருக்குது. அது அவங்க குடும்ப மேட்டர்மா. நமக்கு இன்னா அதுல? ஆர்டர் குடுத்தாரு, அடிச்சேன். நான் அடிக்கலன்னா மேல்மலையனூர்ல எவனாவது அடிப்பான்."

எவனாவது அடிப்பான். இதைச் சொல்லாத கோழை இந்த உலகத்தில் இல்லை. கள்ளச் சாராயம் விற்றவனும் இதைத்தான் சொன்னான், கலப்பட எண்ணெய் விற்றவனும் இதைத்தான் சொன்னான். எவனாவது ஒருவன் செய்யப் போகிற கேவலத்தைத் தான் முந்திக்கொண்டு செய்துவிட்டேன் என்று சொல்வதில் உனக்கு என்ன சாமர்த்தியம்? நாம் ஒன்றும் பெரிய நியாயவான்கள் இல்லை. மீசை முளைக்காத பையனை மாவீரன் என்று அடித்திருக்கிறோம், ஊரைச் சுரண்டினவனை வள்ளல் என்று அடித்திருக்கிறோம். அதெல்லாம் போடச் சொன்னவனே சுமந்துகொள்கிற பொய். அதைப் பார்த்து ஊர் சிரிக்கும், மழையில் நனைந்து கிழியும், ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போகும். உயிரோடு ஒருத்தி பஸ் ஏறிப் போகிற ரோட்டில் அவளுக்கே சாவு பேனர் கட்டுவது அந்தக் கணக்கில் வராது.

ஆனாலும் அதோடு விட்டிருப்பேன். நைனா மாதிரி நீயும் பெரிய மனிதர்களைக் கண்டால் குழைகிற ஆள், பயந்துபோய் அடித்துவிட்டாய் என்று நினைத்திருப்பேன். அந்த நாலு வரியைப் பற்றிக் கேட்டேன் பார், அங்கேதான் எனக்கு உன் மேல் இருந்த மரியாதை போனது. 'அரும்பாய் மலர்ந்தாய், அழகாய் வளர்ந்தாய், கரும்பாய் இனித்தாய், கண்மூடி மறைந்தாய்.' மண்டிக்காரருக்கு மல்லாட்டை மூட்டைக்கு மேல் நாலு வார்த்தை சேர்த்து எழுத வராது, இதை யார் எழுதியது என்றேன். நீ கொஞ்சம் கூச்சத்தோடு, பரிசு வாங்கப் போகிற பிள்ளை மாதிரி நெளிந்துகொண்டு, "அவரு பேரும் போட்டோவும் தேதியும் போட்டா போதும்னாரு. போட்டோவுக்கு அடியில காலியா இருந்துது, பாக்க நல்லா இல்ல. நான்தான் சேத்தேன்" என்றாய்.

காலியாக இருந்தது. அதனால் கண்ணை மூட வைத்தாய். அந்த ஆளாவது வெறி பிடித்துப்போய்ச் செய்தான். ஊர் என்ன சொல்லும், பங்காளி என்ன சொல்லுவான் என்று தலை கெட்டுப்போய்ச் செய்தான். அந்த மூடத்தனத்துக்கு ஒரு காரணமாவது இருக்கிறது. உனக்கு அவள் மேல் கோபம் கூட இல்லை. ஏசி ரூமில் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டு, எதுகை பார்த்துக் கொன்றிருக்கிறாய்.

அதை இறக்கச் சொல்லிப் பேனர் கட்டுகிற ஆளுக்குப் போன் போட்டேன். மண்டிக்காரர் பேனர் என்றதும், "எனக்கு மேலுக்கு முடியலம்மா" என்று வைத்துவிட்டான். ஐந்து நிமிஷம் முன்னால்தான் நம் கடைக்கு எதிரில் பரோட்டா தின்றுகொண்டிருந்தான். நீயோ வாசலில் குறுக்கே நின்று, "பெரிய ஆளும்மா அவரு, பொழப்பு போயிடும்" என்றாய். ரோல் வெட்டுகிற கத்தியை எடுத்துக்கொண்டு நானே போனேன். கீழ்க் கயிறு இரண்டையும் அறுத்தேன். மேல் கயிறு எட்டவில்லை. காற்றில் அது என் தலைக்கு மேல் படபடவென்று அடித்துக்கொள்ள, நான் கத்தியோடு நடுரோட்டில் நிற்க, கூட்டம் கூடிவிட்டது. அதற்குள் யாரோ சொல்லி மண்டிக்காரர் புல்லட்டில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, கையில் போன்.

"யாரக் கேட்டு அறுக்கற?" என்றார்.

"எப்பங்க பொணத்த எடுத்தீங்க?" என்றேன். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா மாலையோட வந்திருப்பேனே. தெரிஞ்ச பொண்ணு."

"இன்னா பேச்சு பேசற நீ?" என்றார்.

"பேனர்ல காரியம் என்னிக்கின்னு போடலியே. அதான் கேக்கறேன். வந்து சாப்ட்டுப் போவணும் இல்ல? எந்த எடத்துல பொதச்சீங்க? ஒரு ஊதுபத்தியாவது வச்சிட்டு வரேன்."

கூட்டத்தில் யாரோ ஒருவன் சிரித்தான். பிறகு இன்னும் இரண்டு பேர். அவர் முகம் கறுத்தது. "எனக்கு அவ செத்துட்டா" என்று கத்தினார்.

"உங்களுக்குச் செத்துட்டான்னா உங்க வீட்டு ஹால்ல மாட்டிக்கிங்க. ரோட்ல போறவங்களுக்கு அவ உயிரோடத்தான் இருக்கறா" என்றேன்.

அப்போது உன் நைனா வந்தார். கடை ஏணியை டிவிஎஸ்ஸில் குறுக்கே கட்டிக்கொண்டு, வேர்த்து வழிய, யார் முகத்தையும் பார்க்காமல் வந்தார். ஏணியைச் சாய்த்தார், ஏறினார், என் கையிலிருந்த கத்தியை வாங்கி மேல் கயிறு இரண்டையும் அறுத்தார். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அந்த மனுஷனைப் பார்த்து நான் பெருமைப்பட்டது அந்த ஒரு தடவைதான். மறுநாள் காலையிலேயே அவர் வல்லத்துக்குப் போய் மண்டிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார் என்பது வேறு விஷயம். அவர் அப்படித்தான். ஆனாலும் ஏறினார். நீ கடையிலேயே இருந்தாய்.

அதற்குப் பிறகு நீ என்னோடு பேசவில்லை. நானும் வலிய வரவில்லை. அப்படியே மறந்து போயிருக்கும் என்று நினைத்திருப்பாய். போன வெள்ளிக்கிழமை அவளே கடைக்கு வந்தாள். கூட அந்தப் பையனும் வந்தான், ஆனால் உள்ளே வரவில்லை, வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டான். இரண்டு பேரும் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு, சிங்கவரம் போகிற ரோட்டில் வீடு பார்த்துக்கொண்டு இருக்கிறார்களாம். வீட்டு முன்பக்கத்திலேயே ரவிக்கை தைக்கிற கடை போடுகிறாள். வாசலில் மாட்ட மூணடிக்கு ரெண்டடி போர்டு வேண்டும் என்றாள். 'இலக்கியா டெய்லரிங்', அவ்வளவுதான்.

அவளைப் பார்த்ததும் நீ என்ன செய்தாய் என்று நான் பார்த்தேன். எழுந்து கண்ணாடி ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். மிஷினுக்கு அந்தப் பக்கம் குனிந்து ஏதோ ரிப்பேர் பார்க்கிறவன் மாதிரி உட்கார்ந்துகொண்டாய். வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத மிஷினில் என்ன ரிப்பேர்? அவள் கண்ணாடி வழியே உன் முதுகைப் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பி, "பேனர் போட்டோ எனக்கு வாட்ஸப்ல வந்துது ஆன்ட்டி" என்றாள். மெதுவாகச் சொல்லவில்லை. உனக்குக் கேட்கவேண்டும் என்றே சொன்னாள். "அப்பா செஞ்சதுக்கு நான் அழல. அவரு செய்வாருன்னு எனக்குத் தெரியும். அந்த நாலு வரிதான் ஆன்ட்டி. என்னைத் தெரியாத ஒருத்தரு, உக்காந்து யோசிச்சி, இவ்ளோ ஃபீல் பண்ணி, நான் செத்துட்டேன்னு எழுதியிருக்காரேன்னு நெனச்சேன். யாரு ஆன்ட்டி அது?"

நீ எழுந்து வந்து சொல்லுவாய் என்று காத்திருந்தேன். அவளும் காத்திருந்தாள் என்றுதான் எனக்குப் பட்டது. உன் முதுகு அசையவே இல்லை. "போர்டு ரெடியானதும் போன் பண்ணுங்க ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்குச் சாயங்காலம்தான் உனக்குத் திண்டிவனத்தில் வளர்ச்சி தெரிந்தது.

ஊரை விட்டு ஓடுகிறவர்கள் போலீசுக்குப் பயந்து ஓடுவார்கள், கடன்காரனுக்குப் பயந்து ஓடுவார்கள். ரவிக்கை தைக்கிற ஒரு பெண்ணுக்குப் பயந்து மிஷினையும் ஏசியையும் லாரியில் ஏற்றிக்கொண்டு ஓடுகிறவனை நான் இப்போதுதான் பார்க்கிறேன். திண்டிவனத்திலும் கூட்டு ரோடு இருக்கிறது. அங்கேயும் மண்டிக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கே உன்னிடம் ஒருவன் இதே மாதிரி ஒரு போட்டோவைக் கொண்டுவந்து நீட்டுவான். அப்போது ஏணி தூக்கிக்கொண்டு வர நைனா இருக்கமாட்டார். என்ன செய்வாய் என்று இப்போதே யோசித்து வைத்துக்கொள். கடை திறப்புக்கு நான் வருவதும் வராததும் அதைப் பொறுத்ததுதான்.

அவள் போர்டு இன்னும் அடிக்கவில்லை. நைனாவுக்கு அந்த மிஷினில் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் நாளைக்கு அதைப் பிரிப்பதற்கு முன்னால் நீயே அடி. நீயே ஃபிரேம் போடு. ஓரம் பிசிறில்லாமல் மடி. காலி இடம் இருந்தால் காலியாகவே விடு. அடித்துவிட்டு யாரிடமும் கொடுத்தனுப்பாதே, நீயே எடுத்துக்கொண்டு போய் அவள் வாசலில் மாட்டிவிட்டு, அந்த நாலு வரியை எழுதினது நான்தான் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல். நான் கூட வரமாட்டேன். அவள் திட்டினால் நின்று கேட்டுக்கொள். அந்தப் பையன் கை ஓங்கினாலும் நான் அவன் பக்கம்தான்.

ஒருவேளை உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தால் உட்கார்ந்து குடி. "இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்" என்று சொல்லாதே. அந்தக் காலனித் தெருக்காரர்களின் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, அவர்கள் டம்ளரைத் தொடாமலிருக்க, உன் நைனா வம்சம் முழுக்க அந்த ஒரு பொய்யைச் சொல்லித்தான் நான் கேட்டிருக்கிறேன்.